லேப் கோட்டு - 9: மூத்திரப்பைக்குச் சாரம் கட்டுவது

போன பதிவுக்கு வந்த கேள்விகளில் ரெண்டு பாக்கி இருக்கு.

ஒண்ணு, ஒரு அனானி அண்ணன் பின்னூட்டத்தில் போட்டது: "அமெரிக்காக்காரன் கிட்னியையே பிரிண்ட் போட்டு மேடையில காட்டிட்டான். நீங்க இன்னும் மூத்திரப்பையிலேயே நிக்கிறீங்களே பாஸு?" :-)

இன்னொண்ணு தனிமடல். ஊர்ல இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தாங்க. அக்கா பையனுக்கு ஆறு வயசு. ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகுத்தண்டு சரியா மூடாமலேயே பிறந்த குழந்தை. மூத்திரப்பை சுருங்கி இறுகிப் போனதால, குடல்ல ஒரு துண்டு எடுத்து அதோட சேர்த்துத் தைச்சுப் பெருசாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். "லேப்லயே மூத்திரப்பை வளர்த்து வைக்கிறாங்கன்னு வாட்ஸப்ல வந்துச்சு. அது வர்ற வரைக்கும் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?" இதுதான் கேள்வி. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதை இங்க எழுதுறேன், ஊர் பேர் எதுவும் இல்லாம.

அனானி அண்ணனுக்குச் சுருக்கமா: 2011 மார்ச்சில் டெட் மேடையில் டாக்டர் ஆண்டனி அடாலா கையில் வச்சிருந்தது சிறுநீரக வடிவத்தில் அச்சடித்த ஒரு அச்சு. ரத்தத்தைச் சுத்தம் பண்ற கிட்னி இல்லை. வேலை செய்யுற கிட்னியை அச்சடிச்சதா வந்த செய்தி தப்புன்னு அவரோட நிறுவனமே அப்போ விளக்கம் கொடுத்துச்சு. விளக்கத்தை யார் ஃபார்வர்ட் பண்றா? அதே மேடைக்கு ஒரு இளைஞர் வந்தார். சின்ன வயசில் அடாலா குழுகிட்ட மூத்திரப்பை சிகிச்சை வாங்கினவர். அவர் கதை நிஜம். பிரச்சினை என்னன்னா, அது முழுக் கதை இல்லை.

தனிமடலுக்குப் பதில் அந்த முழுக் கதையில் இருக்கு. அதனால் இந்த வாரம் கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க. முதல்லயே சொல்லிடறேன்: நான் டாக்டர் இல்லை. இங்கிலாந்தில் முதுகலை படிச்சுக்கிட்டு, பாலிமர் நூல் நூற்கிற ஆளு. இந்தப் பொருளைப் பத்தித் தெரியும், நோயாளியைப் பத்தித் தெரியாது.

பை என்ன பெரிய பை?

நானும் மூத்திரப்பையை ஒரு பலூன்னுதான் நினைச்சுட்டு வந்தேன். பலூனை ஊத ஊத உள்ளே அழுத்தம் ஏறும். மூத்திரப்பை அப்படி இல்லை. பெரியவங்களுக்கு 400, 500 மி.லி. வரைக்கும் நிரம்பினாலும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சுவர் தளர்ந்து தளர்ந்து இடம் கொடுக்கும். நேரம் வந்ததும் மொத்தத் தசையும் ஒரே சமயத்தில் சுருங்கித் தள்ளும். நிரம்பும்போது சாது, காலியாகும்போது பயில்வான்.

குழந்தைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. வயசோட 2 கூட்டி 30-ஆல் பெருக்கணும். ஆறு வயசுப் பையனுக்கு 240 மி.லி. கொள்ளளவு இருக்கணும். ஸ்பைனா பிஃபிடாவில் நரம்பு வழியா சரியான கட்டளை வராததால தசை தாறுமாறா சுருங்கி, தடிச்சு, நார் படிஞ்சு இறுகிடுது. கொஞ்சம் நிரம்பினாலே அழுத்தம் ஏறும். 40 செ.மீ. தண்ணீர் உயர அளவுக்கு மேல் அழுத்தம் போய்க்கிட்டே இருந்தா, அது மேலே சிறுநீரகத்தைத் தாக்க ஆரம்பிக்கும். டாக்டர்கள் பயப்படுறது பையைப் பார்த்து இல்லை, அதுக்கு மேலே இருக்கிற ரெண்டு கிட்னியைப் பார்த்து. இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

பையோட உள்பக்க விரிப்புக்கு யூரோதீலியம்னு பேர். அதோட மேல் அடுக்குச் செல்கள் குடை மாதிரி கீழே இருக்கிற செல்களை மூடி நிக்கும். 'குடைச் செல்கள்'னே பேர். மூத்திரத்தில் இருக்கிற யூரியாவோ அமிலமோ உப்போ உடம்புக்குள்ள திரும்பிப் போகாம தடுக்கிறது இதுங்கதான்.

குடல் வைத்தியம்

1889-லேயே மிகுலிச்ங்கிற சர்ஜன் மனுஷனுக்குக் குடல் துண்டை வச்சு மூத்திரப்பையைப் பெருசாக்கியிருக்கார். 130 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத கேஸ்களுக்கு இதுதான் வைத்தியம். சிறுகுடலில் 20, 25 செ.மீ. நீளத்துக்கு ரத்தக்குழாயோட எடுத்து, குழாயை நீளவாக்கில் வெட்டித் தட்டையாக்கி, திறந்த மூத்திரப்பை மேல ஒட்டுப் போடுற மாதிரி தைப்பாங்க.

ஆனா குடலோட பிறவிக்குணம் உறிஞ்சுறது. மூத்திரப்பையோட பிறவிக்குணம் எதையும் உள்ளே விடாம இருக்கிறது. நேர் எதிர். குடல் துண்டு மூத்திரத்தில் இருந்து அமிலத்தையும் குளோரைடையும் உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பும். சளி மாதிரி கோழை சுரந்துக்கிட்டே இருக்கும், கழுவிவிடணும். கல் உண்டாகும். சிலருக்கு பி12 குறையும். அரிதா, ஒட்டுப் போட்ட இடம் பிஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். பல வருஷம் கழிச்சுப் புற்றுநோய் வருதான்னும் கண்காணிக்கணும். இத்தனை இருந்தும் ஏன் செய்யறாங்க? அழுத்தம் குறையுது, கிட்னி பிழைக்குது. அதுக்காகத்தான்.

எங்க துறையே இந்த இடத்துல இருந்துதான் பொறக்குது. குடலுக்குப் பதிலா மூத்திரப்பைத் திசுவையே வளர்த்து வச்சா என்ன?

சாரம்

செல்லைச் சும்மா ஊத்தினா பை ஆகாது. பிடிச்சு ஏற ஒண்ணு வேணும். இங்கிலீஷ்ல இதுக்கு வச்ச பேர் 'ஸ்கேஃபோல்ட்'. நம்ம ஊர்ல கட்டடத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி நிறுத்துவாங்களே, சாரம், அதே வார்த்தைதான். ரெண்டு வகையா கிடைக்குது.

முதல் வகை, இயற்கைச் சாரம். கசாப்புக் கூடத்தில் இருந்து பன்றி மூத்திரப்பை வாங்கி, சோப்பு மாதிரியான ரசாயனத்தில் நாள் கணக்கா ஊற வச்சுக் கழுவுவோம். செல்லெல்லாம் கரைஞ்சு வெளியேறிடும். கடைசியில் வெள்ளையா, பாதி வெளிச்சம் தெரியுற ஒரு தோல் மிஞ்சும். பெரும்பாலும் கொலாஜன். குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி, சுவரும் அறைகளும் அப்படியே இருக்கும். (எங்க அம்மாகிட்ட இந்தப் பகுதியை இன்னும் சொல்லலை. "பிளாஸ்டிக்ல ஏதோ பண்றான்"னு பக்கத்து வீட்டில் சொல்லி வச்சிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்.)

ரெண்டாவது வகை, நாமளே செய்யுறது. என் வேலை இதுதான். பாலிமர் கரைசலை ஒரு சிரிஞ்சில் ஏத்தி, ஊசி முனைக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தா, துளி இழுபட்டு நூலாகிப் பறந்து எதிரே இருக்கிற உருளையில் போய்ப் படியும். திருவிழாப் பஞ்சுமிட்டாய் மெஷினை நினைச்சுக்கோங்க. மிட்டாய் நூலைவிடப் பல மடங்கு மெல்லிசு, ஒரு மைக்ரான் அளவு. நம்ம தலைமுடி 70 மைக்ரான் பக்கம் வரும். உருளையில் இருந்து உரிச்சா டிஷ்யூ பேப்பர் மாதிரி ஒரு விரிப்பு வரும். அதுமேல செல்லை விதைக்கணும். உள்பக்கம் யூரோதீலியச் செல், வெளிப்பக்கம் தசைச் செல்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. பாலிகிளைகாலிக் ஆசிட் ஆபரேஷன் தையல் நூலா 1970-களில் இருந்தே இருக்கு. உடம்புக்குள்ள ஒரு மாசத்தில் பலம் போய், சில மாசத்தில் கரைஞ்சே போயிடும். பாலிகேப்ரோலாக்டோன் கரைய ரெண்டு வருஷத்துக்கும் மேல ஆகும்.

இங்கதான் சாரம்ங்கிற உவமை கொஞ்சம் இடிக்குது. நம்ம மேஸ்திரிங்க பாஷையில் சொன்னா இது சாரத்தைவிடச் சென்ட்ரிங் பலகை. தளம் இறுகுறதுக்கு முன்னாடி சென்ட்ரிங்கைப் பிரிச்சா கூரை தலையில் விழும். இங்கேயும் திசு உருவாகுறதுக்கு முன்னாடி பொருள் கரைஞ்சா பை கிழியும். கட்டடத்தில் சென்ட்ரிங்கை ரெண்டு வாரம் கூடுதலா விட்டுவச்சா வாடகைதான் நஷ்டம். உடம்பு அப்படி விடாது. அந்நியப் பொருள்னு முடிவு கட்டி, சுத்தித் தழும்பு கட்டிடும். தழும்பு சுருங்கும், விரியாது. விரியத்தானே பையே வேணும்?

2006-ல் நடந்தது

1999-ல் அடாலா குழு நாய்களுக்கு இந்த முறையில் மூத்திரப்பை செஞ்சு வச்சு வெளியிட்டாங்க. 2006 ஏப்ரலில் லான்செட் இதழில் மனுஷங்களோட முடிவு வந்தது. ஏழு பேர், 4 முதல் 19 வயசு வரை, எல்லாருக்கும் முதுகுத்தண்டுக் குறைபாடு. அவங்கவங்க மூத்திரப்பையில் இருந்தே ஒரு சின்னத் துண்டு எடுத்து, ரெண்டு வகைச் செல்லையும் வளர்த்து, பை வடிவச் சாரத்தில் விதைச்சு, ஏறக்குறைய ஏழு வாரத்தில் திரும்ப வச்சாங்க. கொலாஜனும் பாலிகிளைகாலிக் ஆசிடும் கலந்த சாரம், மேலே ஓமெண்டம் சுத்தினது (குடலுக்கு முன்னால திரை மாதிரி தொங்குற, ரத்தக்குழாய் நிறைஞ்ச கொழுப்புச் சவ்வு), இந்தக் கூட்டணிதான் நல்ல பலன் கொடுத்தது. சராசரியா 46 மாசம் பார்த்ததில் கல் இல்லை, அமிலத் தொந்தரவு இல்லை, கிட்னி பத்திரம்.

உலகம் பூரா தலைப்புச் செய்தி. "ஆய்வகத்தில் வளர்ந்த முதல் உறுப்பு". வாட்ஸப்பில் இன்னைக்கும் சுத்துறது இதுதான், தேதி மட்டும் உதிர்ந்து போச்சு.

தலைப்பு விட்டுட்ட மூணு விஷயம்: முழு மூத்திரப்பையை மாத்தலை, இருந்ததோட மேல் பகுதியில்தான் சேர்த்துத் தைச்சாங்க. ஏழே பேர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. இதை ஆராய்ச்சிக் குறைன்னு சொல்ல முடியாது, முதல் அடி அப்படித்தான் இருக்கும். முதல் அடியை ஊர் வந்து சேர்ந்ததா படிச்சதுதான் கோளாறு.

2014-ல் நடந்தது

டெஞ்சியான்ங்கிற அமெரிக்கக் கம்பெனி இதைச் சிகிச்சையா கொண்டுவர இரண்டாம் கட்டப் பரிசோதனை நடத்துச்சு. ஸ்பைனா பிஃபிடா இருக்கிற பத்து குழந்தைகள், இளைஞர்கள். முடிவு 2014-ல் ஜர்னல் ஆஃப் யூராலஜியில் வந்தது. மூணு வருஷம் ஆகியும் யாருக்கும் கொள்ளளவு கூடலை. சுவர் நெகிழ்வு சிலருக்குக் கொஞ்சம் கூடினாலும், கணக்கில் எடுக்கிற அளவுக்கு இல்லை. நாலு பேருக்குக் குடல் அடைப்போ பை கிழிசலோ வந்தது. பாதுகாப்பு அளவை மீறிடுச்சுன்னு ஆய்வாளர்களே எழுதினாங்க. அந்த டிசம்பரில் கம்பெனி திவால்.

இதை எந்த வாட்ஸப் குரூப்பிலும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கட்டுரையை நான் ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை என் தீசிஸுக்கு மேற்கோளா. ரெண்டாவது தடவை, அந்தத் தனிமடல் வந்த பிறகு. ரெண்டாவது தடவை 'நாலு பேர்'ங்கிற இடத்தைத் தாண்ட நேரம் ஆச்சு. நாலு வீடு, நாலு அம்மா அப்பா. தோல்வியையும் மறைக்காம எழுதி வெளியிட்டவங்க மேல எனக்கு மரியாதை கூடுச்சு. அந்தக் கட்டுரை இல்லேன்னா இன்னொரு கம்பெனி அதே சாரத்தோட இன்னும் பத்து குழந்தைங்ககிட்ட போயிருக்கும்.

ஏன் இப்படி?

என் அறிவுக்கு எட்டின வரைக்கும் மூணு காரணம் சொல்லலாம்.

ஒண்ணு, ரத்தம். ஒரு செல் ரத்தக்குழாயில் இருந்து 100, 200 மைக்ரானுக்கு மேல தள்ளி இருந்தா அதுக்கு ஆக்சிஜன் போதாது. தட்டில் மெல்லிசா வளரும்போது தெரியாது. உள்ளங்கை அகலத்துக்கு, பல அடுக்கா உடம்புக்குள்ள வச்சா, புதுக் குழாய் வந்து சேர்றதுக்குள்ள நடுவில் இருக்கிறது செத்துப்போகும். செத்த இடத்தில் தழும்பு. ஓமெண்டம் சுத்தினதே ரத்தம் சீக்கிரம் வரட்டும்னுதான்.

ரெண்டு, விதை. அந்தக் குழந்தையோட செல்லையே எடுத்தா உடம்பு நிராகரிக்காது, சரி. ஆனா அந்தச் செல் வந்ததே பல வருஷமா நரம்புக் கட்டளை இல்லாம கெட்டுப்போன பையில் இருந்து. அப்படிப்பட்ட தசைச் செல்கள் தட்டில் வளர்த்தாலும் நல்ல செல் மாதிரி சுருங்குறதில்லைன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு.

மூணு, மூத்திரம். கேட்கச் சிரிப்பா இருக்கும். குடைச் செல்கள் முழுசா மூடாத வரைக்கும் மூத்திரம் சாரத்துக்குள்ள கசிஞ்சு அழற்சியை உண்டாக்கும். சிமெண்ட் இறுகுறதுக்கு முன்னாடியே தண்ணித் தொட்டிக்குள்ள ஆசிட் ஊத்தி நிரப்புற மாதிரி. அதோட, நரம்புக்கு நாம ஒண்ணுமே பண்ணலை. எவ்வளவு நல்ல பை செஞ்சாலும் அதுக்குக் 'காலி பண்ணு'ன்னு சொல்ல ஆள் கிடையாது.

மூத்திரக் குழாயில், அதாவது யுரேத்ராவில், நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2011-ல் அதே குழு மெக்சிகோவைச் சேர்ந்த ஐந்து சிறுவர்களுக்குச் செல் விதைச்ச குழாய் வச்சு, ஆறு வருஷம் வரைக்கும் வேலை செஞ்சதை வெளியிட்டாங்க. மெல்லிய சுவர், சின்ன அளவு, ரத்தம் சீக்கிரம் வந்து சேரும். இதுவே செல் இல்லாத வெறும் குழாயா வச்சா, முயல்களில் அரை செ.மீ. தூரம் வரைக்கும்தான் ஓரத்தில் இருந்து திசு வந்து சரியா மூடுச்சு. அதுக்கு மேல போனா தழும்புதான்.

இப்போ எங்க நிக்குது?

2024-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆட்கள் பபூன் குரங்குகளில் ரெண்டு வருஷம் பார்த்த முடிவு வெளியானது. சிட்ரிக் அமிலத்தில் இருந்து செய்த, ரப்பர் மாதிரி இழுபடுற சாரம். செல்லை மூத்திரப்பையில் எடுக்காம எலும்பு மஜ்ஜையில் இருந்து எடுத்தாங்க. கெட்ட விதைப் பிரச்சினைக்கும் ரத்தக்குழாய்ப் பிரச்சினைக்கும் ஒரே பதில். நல்ல பலன். ஆனா பபூன், கவனிங்க.

2025 மே 4-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில், யூ.சி.எல்.ஏ. மருத்துவமனையில், டாக்டர் நிமா நஸிரியும் டாக்டர் இந்தர்பீர் கில்லும் உலகத்திலேயே முதல் தடவையா ஒரு மனுஷனுக்கு இன்னொருத்தரோட மூத்திரப்பையைப் பொருத்தினாங்க, கூடவே ஒரு கிட்னியும். அது தானமா வந்த உறுப்பு, லேப்ல வளர்ந்தது இல்லை. நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரை எடுத்துக்கிட்டே இருக்கணும். இப்போ இந்தச் செய்தியையும் பழைய செய்தியையும் கலந்து புது ஃபார்வர்ட் ஒண்ணு வரும் பாருங்க.

சரி, காத்திருக்கலாமா?

தங்கச்சி, உங்க கேள்விக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆபரேஷன் வேணுமா, எப்போ வேணும்னு முடிவெடுக்க அந்தப் பையனோட அழுத்தச் சோதனையும் கிட்னி ஸ்கேனும் பார்க்கிற டாக்டர்தான் தகுதியானவர். ஆனா 'லேப் மூத்திரப்பை வரட்டும்'ங்கிறதைத் தள்ளிப்போட ஒரு காரணமா வைக்காதீங்க. அப்படி ஒண்ணு எந்த நாட்டிலும் ஆஸ்பத்திரியில் வழக்கமான சிகிச்சையா கிடைக்கலை. எங்களுக்குக் காத்திருக்க நேரம் உண்டு, ஸ்காலர்ஷிப் முடியுற வரைக்கும். கிட்னிக்கு அந்த நேரம் கிடையாது.

டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க: இப்போ அழுத்தம் எவ்வளவு? கிட்னி வீங்கியிருக்கா? ஆக்சிபியூட்டினின் மாதிரி மருந்தும், நாளைக்கு நாலஞ்சு தடவை டியூப் போட்டுக் காலி பண்றதும் முழுசா முயற்சி பண்ணியாச்சா? அந்த டியூப் முறையை 1972-ல் ஜாக் லாப்பிடஸ்ங்கிற டாக்டர் கொண்டுவந்தார். பத்திரிகைத் தலைப்புக்கு லாயக்கில்லாத, ஒரு சாதாரணக் குழாய். அது காப்பாத்தின கிட்னிகளோட எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட எங்க துறை இன்னும் வரலை.

இன்னொண்ணு. யாராவது 'ஸ்டெம் செல் வச்சுச் சரி பண்றோம், இத்தனை லட்சம்'னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்படி ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மத்ததெல்லாம் முறையான பரிசோதனைக்குள்ளதான் நடக்கணும். பரிசோதனை நிலையில் இருக்கிற வைத்தியத்துக்கு நம்மகிட்டயே காசு கேட்டா அங்கேயே சந்தேகம் வரணும்.

கல்யாணமாகி இதைப் படிக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தின ஆய்வில், முன்னமே பாதிக்கப்பட்ட குழந்தை பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்னாடி இருந்தே ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டா, மறுபடி அந்தக் குறைபாடு வர்றது 72 சதவீதம் குறைஞ்சது. முதுகுத்தண்டு மூடுறது கருத்தரிச்சு 28 நாளுக்குள்ள. பலருக்கு அப்போ கர்ப்பம்னே தெரியாது. அதனால குழந்தை வேணும்னு முடிவெடுத்த அன்னைக்கே டாக்டரைக் கேட்டு ஆரம்பிச்சுடுங்க. ரொம்ப மலிவான மாத்திரை. எங்க லேப்ல ஒரு பாட்டில் செல் வளர்ப்புத் திரவம் வாங்குற காசுக்கு எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்னு கணக்குப் போட்டா என் வேலை மேல எனக்கே சந்தேகம் வருது. :-)

ஆனாலும் திங்கக்கிழமை போய் நூல் நூற்பேன். மாத்திரை எல்லாரையும் காப்பாத்துறதில்லை, குடல் துண்டைவிட நல்லது ஒண்ணு அந்தக் குழந்தைங்களுக்குக் கிடைக்கணும். அது வரும்னு நம்புறேன், தேதி மட்டும் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம்: ஒரே பாலிமரை ஈரமான நாளில் நூற்றா நூலில் ஏன் ஓட்டை விழுது? இந்த ஊர் மழைக்கு ஒரு பதிவு கடன்பட்டிருக்கேன்.

டிஸ்கி: 'ஸ்கேஃபோல்டு'க்குத் தமிழ்ல சாரம்னு வைக்கலாமா, சென்ட்ரிங்னே விட்டுடலாமா, இல்ல அவரைக்கொடி ஏறுற பந்தல்னு சொல்லலாமா? செல் பிடிச்சு ஏறுறதைப் பார்த்தா எனக்கு மனசு பந்தல் பக்கம் சாயுது. ஆனா பந்தல் கரையாதே. சொல்லாக்கப் புலிகள் பின்னூட்டத்தில் வந்து தீர்த்து வைக்கவும்.